முதுகில் ஒரு பேய்முகம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரிப் படிப்பை முடித்த என் மகன், முதுகு முழுவதும் கொம்பு முளைத்த பேய்முகம் ஒன்றைப் பச்சை குத்திக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். ஜப்பானிய முறை என்று படமும் காட்டினான். கோரமான உருவங்களை உடலில் பதித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? – வாசகி, திருச்சி

பதில்: அந்தப் படத்தில் இரண்டு கொம்புகளும் கோரைப்பற்களும் பொன்னிறக் கண்களும் இருந்தால், அது ஹன்யா என்னும் முகமாகத்தான் இருக்கும். ஜப்பானின் ‘நோ’ என்னும் மரபு நாடகத்தில் நடிகர் அணியும் மரமுகமூடியான அது, பொறாமையும் ஏமாற்றமும் முற்றிப் பேயுருக் கொண்ட பெண்ணைக் குறிக்கிறது. நடிகர் முகத்தை நிமிர்த்தினால் சீற்றமும் குனிந்தால் அழுகையும் தெரியும்படி அதைச் செதுக்குவார்கள். தோலில் பதிந்த முகம் நிமிரவோ குனியவோ போவதில்லை என்பதால், சீற்றம் எவ்வளவு, துயரம் எவ்வளவு என்பதைப் பச்சை குத்துபவர் ஊசியைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். புருவத்தின் வேதனையை விட்டுவிட்டு வாயின் கோரத்தை மட்டும் பெரிதாக்கிய ஹன்யாக்களே இன்று அதிகம் கண்ணில் படுகின்றன. என்னைக் கேட்டால் அவை வெறும் பூச்சாண்டிகள்.

முதுகு முழுவதையும் ஒரே படமாக்கும் வழக்கம் வலுப்பெற்றதற்கு அச்சுப் படங்கள் முக்கியக் காரணம். சீனக் கதை ஒன்றில் வரும் 108 வீரர்களை உடகாவா குனியோஷி என்ற ஓவியர் 1827ஆம் ஆண்டுவாக்கில் மரக்கட்டை அச்சுப் படங்களாக வெளியிடத் தொடங்கினார். அவர்களில் பலரை உடல் நிறையப் பச்சையுடன் அவர் வரைந்திருந்ததைப் பார்த்து, இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தின் தீயணைப்பு வீரர்களும் உழைப்பாளிகளும் அதேபோல் குத்திக்கொள்ள முன்வந்தார்கள். அரண்மனைத் திரையைக் கிழித்துக்கொண்டு பிரம்மாண்டமான எலும்புக்கூடு ஒன்று எட்டிப் பார்க்கும் புகழ்பெற்ற படமும் குனியோஷியுடையதே. இன்றைக்கும் அது பலருடைய முதுகில் ஏறுகிறது. அவருடைய மாணவர் யோஷிடோஷி 1860களில் கொலைக் காட்சிகளை இரத்தம் தெறிக்கத் தெறிக்க வரைந்தார். நமகுபி எனப்படும் வெட்டுண்ட தலையும் இந்த மரபைச் சேர்ந்ததுதான் என்றாலும், அதைக் குத்திக்கொள்பவர்கள் பிறரை அச்சுறுத்துவதைவிட, சாவை அஞ்சாமல் ஏற்கும் துணிவின் அடையாளமாகவே அதைக் கருதுகிறார்கள். 1872இல் ஜப்பானிய அரசு பச்சை குத்துவதற்கு விதித்த தடை 1948 வரை நீடித்தது. அவ்வளவு காலமும் கலைஞர்கள் மறைவாகத் தொழில் செய்தார்கள்.

கேள்வி: மேலைநாட்டுத் திகில் டாட்டூக்கள் பெரும்பாலும் கறுப்பும் சாம்பலுமாகவே இருப்பது ஏன்? – வாசகர், மதுரை

பதில்: அந்தப் பாணி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளியினரிடமிருந்தும், அவர்களில் பலர் அடைபட்டிருந்த சிறைகளிலிருந்தும் வந்தது. கிட்டார் கம்பி ஊசியானது, கேசட் ரெக்கார்டரின் மோட்டார் அதை இயக்கியது. சிறைக்குள் கிடைத்த மை கறுப்பு ஒன்றுதான். 1975இல் அங்கே தொடங்கப்பட்ட குட் டைம் சார்லீஸ் டாட்டூலேண்ட் என்ற கடையில் சார்லி கார்ட்ரைட்டும் ஜாக் ரூடியும், பிறகு சேர்ந்த ஃபிரெடி நெக்ரெட்டியும் அந்த நுணுக்கத்தைக் கடைத் தொழிலாக்கினார்கள். நியூயார்க்கின் பால் பூத் போன்றவர்கள் அதைக் கொண்டு பேய்களையும் அழுகும் முகங்களையும் வரைந்து, மெட்டல் என்னும் அதிரடி ராக் இசைக்குழுவினரிடையே பெயர் பெற்றது பின்னாளில்தான்.

ஒரு மண்டையோட்டை எப்படிக் குத்துகிறார்கள் என்று கவனித்தால் விஷயம் விளங்கும். கண்குழியின் அடியாழத்துக்கு மட்டும் முழுக் கறுப்பு. அதன் விளிம்புக்கு, தண்ணீர் கலந்து படிப்படியாக நீர்க்கச் செய்த மை. கன்ன எலும்பின் மேட்டில் மை படாத வெறும் தோல். அந்த வெறும் தோலை விட்டுவைக்கத் தெரியாத கையில் எந்தப் பேயும் கரிப்பூச்சாகிவிடும்.

கேள்வி: நான் மாநிறம். என் தோலில் இதெல்லாம் எடுபடுமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எடுபடும். மை தங்குவது மேல்தோலுக்கு அடியிலுள்ள உட்தோலில். நிறமியான மெலனின் இருப்பது அதற்கு மேலே. ஆகவே எந்த வண்ணத்தையும் உங்கள் தோலின் நிறத்தினூடேதான் பார்க்கிறோம். மஞ்சளும் வெளிர் நீலமும் மங்கும், வெள்ளை மையால் இடும் ஒளிப்புள்ளிகள் ஏறத்தாழ மறைந்துபோகும், கறுப்பு நிற்கும். சாம்பலின் மெல்லிய படிகள் சில கரைந்துவிடும் என்பதால், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே கூடுதல் வேறுபாடு வைக்கச் சொல்லுங்கள், படத்தையும் பெரிதாக்கச் சொல்லுங்கள். உட்தோலின் செல்கள் பிடித்துவைத்திருக்கும் மை ஆண்டுகள் செல்லச் செல்லச் சற்றே பரவுவதால், உள்ளங்கையைவிடச் சிறிய முகங்களில் பற்களும் இமைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கருமையான தோலில் தழும்பு தடித்து வளரும் கீலாய்டு அதிகம் வரும். பழைய காயம் எதுவும் அப்படித் தடித்திருந்தால் தோல் மருத்துவரைப் பார்க்காமல் ஊசிக்கு உட்காராதீர்கள்.

கேள்வி: பிடிக்காமல் போனால் அழித்துவிடலாம் அல்லவா? – வாசகி, சேலம்

பதில்: லேசர் ஒளியை நன்றாக உறிஞ்சுவது கறுப்பு என்பதால், பச்சை, மஞ்சள் நிறங்களைவிட அதை அழிப்பது எளிது. ஆனால் மெலனினும் அதே ஒளியை உறிஞ்சுவதால் நம் தோலில் வெளுத்த திட்டுகள் விழக்கூடும். அதற்காகவே, மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் அலைநீளத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். பல அமர்வுகள் பிடிக்கும், ஒவ்வொன்றுக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளியும் வேண்டும். முதுகு முழுவதும் என்றால் செலவைக் கேட்கவே வேண்டாம். அதைவிட, குத்துபவரிடம் முதலிலேயே அவர் செய்த வேலைகளின் படங்களைக் கேளுங்கள்: குத்தி முடித்த அன்று பளபளப்பாக எடுத்தவற்றை அல்ல, ஆறி ஓராண்டுக்கு மேலானவற்றை, உங்கள் நிறத்தையொத்த தோலில்.