சதுரத்தைச் சாய்த்து வைத்தால் குழந்தை அதை ஏன் 'டைமண்ட்' என்கிறது?

தட்டை வடிவம் என்றால் நீளமும் அகலமும் மட்டுமே உள்ள, தடிமன் இல்லாத வடிவம். குழந்தைக்குச் சொல்ல வேண்டிய கூறுகள் இரண்டுதான்: பக்கங்கள், அவை சந்திக்கும் மூலைகள். முக்கோணத்துக்கு மூன்று பக்கம், மூன்று மூலை. வட்டத்துக்கு நேரான பக்கமும் இல்லை, மூலையும் இல்லை.

சரி, சதுரத்தின் முனை கீழே வருமாறு திருப்பினால் பெயர் ஏன் மாறுகிறது? சின்ன வயதில் குழந்தை பக்கங்களை எண்ணுவதில்லை, மொத்தத் தோற்றத்தைத்தான் பார்க்கிறது. நெதர்லாந்தின் கணித ஆசிரியர்களான வான் ஹீல் தம்பதியர், வடிவங்களைப் புரிந்துகொள்வதில் உள்ளவையாக 1957-இல் விவரித்த படிநிலைகளில் முதல் நிலையே இதுதான். நாம் மாட்டும் சுவர்ப்படங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவற்றில் முக்கோணம் எப்போதும் கூரை மாதிரி நிமிர்ந்தே நிற்கும். ஒல்லியான, தலைகீழான முக்கோணத்தைக் குழந்தை பார்த்தே இருக்காது.

வீட்டுப் பூனை நின்றாலும் சுருண்டு படுத்தாலும் அதே பூனைதான் என்று குழந்தைக்குத் தெரியும். வடிவமும் அப்படித்தான் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். அட்டையில் வெட்டிக் கொடுங்கள். திருப்பித் திருப்பி வைத்து, ஓரத்தை விரலால் தடவி எண்ணட்டும். அப்புறம், ஒரு பக்கம் வளைந்த போலி முக்கோணம் ஒன்றையும் கலந்து விடுங்கள். 'இது ஏன் முக்கோணம் இல்லை?' என்று கேட்டால்தான் பிள்ளைகள் உண்மையில் யோசிக்கிறார்கள்.

சதுரம் வேறு, செவ்வகம் வேறு என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள்; நான்கு மூலைகளும் செங்கோணமாக இருப்பதால் சதுரமும் ஒரு செவ்வகம்தான்.