எப்போதும் தோற்கும் மல்யுத்த வீரருக்குத் தொடர்ந்து வேலை கிடைப்பது எப்படி?

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படுவதால், தோற்பதும் அங்கே ஊதியம் பெறும் வேலைதான். தூக்கி வீசப்படும்போது தாடையை மார்போடு சேர்த்து, அடியின் வேகம் மேல்முதுகு முழுவதும் பரவும்படி விழத் தெரிந்தவர், நட்சத்திர வீரரின் பலத்தை மெய்போலக் காட்டுவதோடு இருவருக்கும் காயம் நேரும் வாய்ப்பையும் குறைக்கிறார். புதியவர்களுக்கு ஆட்டத்தின் போக்கைக் களத்திலேயே கற்றுக்கொடுப்பவரும் பெரும்பாலும் இவரே.

1980களின் நடுப்பகுதி வரை அமெரிக்கா பல மல்யுத்த வட்டாரங்களாகப் பிரிந்திருந்ததால், ஓரிடத்தில் பார்வையாளர்களுக்குச் சலித்துப்போனவர் அடுத்த வட்டாரத்தில் வேறு பெயரிலோ முகமூடியிலோ புதிதாகத் தொடங்க முடிந்தது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற மல்யுத்த நிறுவனம் தொலைக்காட்சி வழியே நாடெங்கும் பரவியபின் அந்த வாய்ப்பு சுருங்கியது.

பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் தோற்றுவந்த பாரி ஹொரோவிட்ஸ், 1995இல் ஸ்கிப் என்பவரை எதிர்பாராமல் வீழ்த்தி, அவ்வாண்டு அந்நிறுவனத்தின் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியிலும் அவரையே வென்றார். நுட்பத்தில் அவர் பல நட்சத்திரங்களுக்குக் குறைந்தவரல்லர் என்பதே என் மதிப்பீடு. ஆனால் இத்தகையோர் ஊழியர்களாக அன்றித் தனி ஒப்பந்தக்காரர்களாகவே நடத்தப்பட்டதால், மருத்துவக் காப்பீடும் தங்கும் செலவும் பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே விழுந்தன.