ஜெரேனியம் குச்சி ஏன் கருத்துப் போச்சு?

கேள்வி: அக்கா, நாங்க டொரண்டோல இருக்கோம். பால்கனில சிவப்பு ஜெரேனியம் கோடை பூரா கொத்துக் கொத்தா பூத்துச்சு. குளிர்ல செத்துடுமேன்னு போன வருஷம் செப்டம்பர்ல பத்து குச்சி வெட்டி ஈர மண்ணுல ஊனி, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வச்சேன். ரெண்டே வாரத்துல அடித்தண்டு கருகருன்னு ஆகி எல்லாமே போச்சு. ஊர்ல செம்பருத்திய ஒடிச்சு நட்டாலே தழைக்குமே, இங்க என்ன தப்பு பண்றேன்?

பதில்: அந்தக் கவர்தாம்மா வினை. நீங்க வச்சிருக்கிற ஜெரேனியத்தோட பூர்வீகம் தென்னாப்பிரிக்கா, தண்டுலயே தண்ணிய சேத்து வச்சுக்கிற செடி, அதைப் போயி ஈர மண்ணுலயும் நட்டு மேல மூடியும் வச்சா வெட்டின வாய் வழியா பித்தியம்ங்கிற கிருமி ஏறி கீழேருந்து கருக ஆரம்பிச்சிடும். செம்பருத்தி கட்டைத் தண்டு, அதோட கணக்கு வேற.

இந்த வாட்டி ஆகஸ்ட் கடைசிலயே ஆரம்பிங்க, ராத்திரி குளிர் பத்து டிகிரிக்குக் கீழ போறதுக்குள்ள வெட்டிடணும். பூக்காத கிளையா பாத்து 10 சென்டிமீட்டர், கணுவுக்குக் கொஞ்சம் கீழ, நல்ல கூர் பிளேடால. உச்சில ரெண்டு மூணு இலை போதும், மொட்டு இருந்தா மனசு கேக்காது, ஆனா கிள்ளிடுங்க, இல்லன்னா இருக்கிற தெம்பெல்லாம் பூவுக்கே போயிடும். அப்புறம் முக்கியமான வேலை: உடனே நடாதீங்க, ஒரு ராத்திரி பேப்பர் மேல போட்டு வைங்க. காலைல தொட்டா வெட்டின இடம் பிசுபிசுப்பு இல்லாம மெல்லிசா தோல் கட்டியிருக்கும், அதுக்கப்புறம் நடுங்க.

பழைய தொட்டி மண்ணு வேணாம், பாதி பீட்மாஸ் (சதுப்பு நிலத்துப் பாசி மக்கினது), பாதி பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக் கல் துகள்) கலந்துக்குங்க. ஒரு தடவ தண்ணி, அப்புறம் மேல் மண்ணு காஞ்சாதான் அடுத்தது. மூட வேணாம். வெளிச்சம் வேணும், நேர் வெயில் வேணாம். மூணு நாலு வாரம் கழிச்சு லேசா இழுத்தா பிடிமானம் தெரியும், அதான் வேர். அப்புறம் தெக்கு ஜன்னலுக்கு மாத்தி நுனியக் கிள்ளி விட்டீங்கன்னா பக்கக் கிளை வரும்.

கோலியஸ்ங்கிற வண்ண இலைச் செடி இருந்தா அது இதுக்கு நேர் எதிர், தண்ணி கிளாஸ்ல போட்டு வச்சாலே வேர் விட்டுடும்.

மே மாசக் கடைசி வாக்குல வர்ற விக்டோரியா டேங்கிற கனடா லீவு நாள் வரைக்கும் வெளில எடுக்காதீங்க, நடுவுல நாலு நாள் வெயிலடிச்சாலும்.