புகைச் சான்று காலாவதியானதால் க்ளெய்மை மறுக்க முடியுமா?

வணக்கம் ஐயா. விபத்தன்று புகைச் சான்று காலாவதியாகியிருந்ததைக் காட்டி, ‘விதிகள் மாறிவிட்டன’ என்று தங்கள் காரின் சேதத்துக்கான க்ளெய்மைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மறுப்பு நிற்காது என்றே கருதுகிறேன்.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், அதையொட்டி 2018 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுப்பிய சுற்றறிக்கையும், பாலிசியைப் புதுப்பிக்கும்போது செல்லுபடியாகும் புகைச் சான்று இருக்க வேண்டும் என்று கூறினவே தவிர, விபத்து நாளில் அது இல்லையென்றால் இழப்பீடு கிடையாது என்று கூறவில்லை. 2017 உத்தரவின் அந்த நிபந்தனையையும் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் நீக்கிவிட்டது. இதே குழப்பம் பரவியபோது, 2020 ஆகஸ்ட் 26 அன்று ஐஆர்டிஏஐயே விளக்கம் வெளியிட்டு, புகைச் சான்று இல்லாதது க்ளெய்மை மறுக்க ஏற்ற காரணமாகாது எனத் தெளிவுபடுத்தியது. (சான்றின்றி ஓட்டியதற்கான அபராதம் வேறு கணக்கு, அதிலிருந்து தப்ப முடியாது.) ஆவணம் இல்லை என்பதற்காகக் க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐயின் 2024 ஜூன் மாதத் தலைமைச் சுற்றறிக்கையும் சொல்கிறது.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வாய்மொழியாகச் சொன்னதை மறுப்பாகக் கொள்ளாதீர்கள். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறகு பாலிசி எண், க்ளெய்ம் எண் ஆகியவற்றை மேலே குறிப்பிட்டு, 2020 விளக்கத்தின் நகலுடன் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) கட்டணமின்றி முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் அவர் அதை ஏற்கமாட்டார். பாலிசியைப் புதுப்பித்த நாளில் செல்லுபடியாக இருந்த புகைச் சான்று கையில் இருந்தால், அதன் நகலையும் மறக்காமல் இணைத்துவிடுங்கள்.