சோளம்தானே என்று கொடுத்தேன், டாக்டர்!

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஓயாத வயிற்றுப்போக்கு, ரத்தசோகை என்று அலைந்து, எட்டு மாதங்களுக்கு முன் பயாப்ஸி செய்து சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்றவற்றில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத நோய் என்று உறுதி செய்தார்கள். அன்றிலிருந்து சப்பாத்தி, பிரெட், பிஸ்கட், ரவை, சேமியா எதுவும் அவளுக்குக் கிடையாது. ஸ்கூல் வேன் 7 மணிக்கே வந்துவிடும் என்பதால் காலையில் பாலும் கார்ன்ஃபிளேக்ஸும்தான். சோளம்தானே என்று தைரியமாகக் கொடுத்தேன். ஆனால் ரத்தப் பரிசோதனையில் இந்த நோயைக் காட்டும் டிடிஜி அளவு மெதுவாகத்தான் இறங்குகிறது, வயிற்று உப்பசமும் விடவில்லை. க்ளூட்டன் இல்லாத சீரியல் எது என்று சொல்லுங்கள். அவளுக்கு 7 வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கும் கோதுமையை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: மக்காச்சோளத்தில் க்ளூட்டன் இல்லை, அதில் நீங்கள் தப்பு செய்யவில்லை. இப்போது அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள பட்டியலைப் படியுங்கள். மக்காச்சோளம், சர்க்கரை, உப்பு, அதற்குப் பக்கத்தில் 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்று இருக்கிறதா? கார்ன்ஃபிளேக்ஸின் அந்தப் பொன்னிறமும் லேசான இனிப்பு மணமும் பெரும்பாலும் அதிலிருந்து வருபவை. மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. பார்லிக்குத் தமிழில் வாற்கோதுமை என்றே பெயர். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களும் உங்கள் மகளுக்கு ஆகாதவை. 'கோதுமை இல்லை' என்று அட்டையில் போட்டிருந்தால்கூட அது க்ளூட்டன் இல்லை என்று ஆகிவிடாது.

டிடிஜி அளவு முழுவதும் இறங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதனால் கார்ன்ஃபிளேக்ஸ்தான் குற்றவாளி என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் தினமும் காலையில் பார்லி உள்ளே போகிறது என்றால், முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

கடையில் வாங்குவதாக இருந்தால் 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, அப்படி எழுதினால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது. 'லோ க்ளூட்டன்' என்பது வேறு, அதில் 100 மில்லிகிராம் வரை போகலாம், அது வேண்டாம். மல்டிகிரெய்ன், மியூஸ்லி என்று வருபவற்றில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். பாலில் கலக்கும் மால்ட் பானங்களும் கூடாது. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வெறும் மாவுச்சத்துதான்.

ராகி மால்ட்டில் குழப்பம் வரும். நம் ஊரில் முளைகட்டிய கேழ்வரகு மாவைத்தான் அப்படிச் சொல்கிறோம். வெறும் கேழ்வரகு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். கடையில் வாங்கும் சத்துமாவில் கோதுமையும் பார்லியும் கலந்திருப்பது சகஜம். இன்னொன்று, சம்பா ரவை என்பது கோதுமை, மாப்பிள்ளை சம்பா என்பது அரிசி. பெயரை நம்பினால் இரண்டு பக்கமும் ஏமாறுவோம்.

சரி, 7 மணி வேனுக்கு என்ன கொடுப்பது? அவல். சீரியல் என்று நாம் காசு கொடுத்து வாங்குவதன் வேலையை நம் அவல் எத்தனையோ தலைமுறையாகச் செய்துவருகிறது. மெல்லிய அவலைத் தண்ணீரில் அலசி வடித்துவிட்டு, சூடான பால், நாட்டுச் சர்க்கரை, நறுக்கிய வாழைப்பழம், பொடித்த வேர்க்கடலை சேர்த்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மொறுமொறுவென்று கேட்டால் அரிசிப் பொரியைப் பாலில் போட்டு உடனே சாப்பிடச் சொல்லுங்கள், ஊறினால் தொண்டையில் இறங்காது! பொரியில் சத்து குறைவு, அதனால் கடலையை விட்டுவிடாதீர்கள். அவல், பொரி இரண்டையும் சேமியா மூட்டைக்குப் பக்கத்தில் திறந்து வைத்து அள்ளிப் போடும் கடையில் வாங்காமல் பாக்கெட்டாக வாங்குங்கள்.

ஓட்ஸைப் பலரும் கேட்கிறார்கள். சாதாரண ஓட்ஸில் வயலிலோ ஆலையிலோ கோதுமை கலந்துவிடுகிறது. க்ளூட்டன் ஃப்ரீ ஓட்ஸே சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. டிடிஜி இறங்கும் வரை வேண்டாம், அப்புறம் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

உப்பசம் தொடர்ந்தால் சீரியலோடு நிறுத்தாமல் அடுக்களையையும் பாருங்கள். இந்த நோயுள்ள பிள்ளைகளின் வீட்டாரிடம், சமையலறையில் இருக்கும் எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வேன். ஒரு அம்மா மூன்று பைகளோடு வந்தார். மாவு, பருப்பு எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் வந்தது ஒரு சின்னப் பெருங்காய டப்பா, அதில் சேர்மானமாகக் கோதுமை மாவு! கூட்டுப் பெருங்காயத்தில் இது வழக்கம்தான். சாம்பார், ரசம், இட்லிப் பொடி என்று ஒரு நாளில் மூன்று வேளையும் அது போய்க்கொண்டிருந்தது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, பார்த்து வாங்கலாம்.

மாவு மில்லும் அப்படித்தான். உங்களுக்கு முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்திருந்தால், அடுத்து விழும் உங்கள் கேழ்வரகில் அந்த மாவும் சேர்ந்தே விழும். கொஞ்சமாகத் தேவை என்றால் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி சுடும் கல்லில் அவளுக்கு தோசை வார்க்காதீர்கள், தனிக் கல் ஒன்று வாங்கிவிடுங்கள்.

தம்பிக்குக் கோதுமையை இப்போது நிறுத்த வேண்டாம். கூடப் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் இருக்க வாய்ப்புண்டு என்பதால் அவனுக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனை ஒரு முறை செய்ய வேண்டும். கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். ரத்தம் கொடுக்கும் நாள் வரை அவன் சப்பாத்தி சாப்பிடட்டும், அக்காவின் தட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து.