பழைய வாரண்ட் காலாவதி ஆகுமா? வாசகர் கேள்விகளும் வக்கீல் பதில்களும்

கேள்வி: திருப்பூரில் தொழில் செய்தபோது 2016-ல் நூல் வாங்கியதற்குக் கொடுத்த செக் திரும்பி, என்மீது வழக்கு போட்டார்கள். நாலைந்து வாய்தா போனேன். அப்புறம் தொழில் நொடிந்து, குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டேன். போன மாதம் ஊரில் அண்ணன் வீட்டுக்குப் போலீஸ் வந்து என் பேரில் வாரண்ட் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்து அது செல்லுமா?
– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: செல்லும். வாரண்ட் என்ன மருந்துப் பாட்டிலா, தேதி முடிந்ததும் தூக்கிப்போட? பிறப்பித்த நீதிமன்றமே ரத்து செய்யவேண்டும், அல்லது உங்களைப் பிடித்து நிறுத்தவேண்டும், அதுவரை அதற்கு உயிர் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 70(2)-வது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72(2).

முதலில் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். இதற்கு ஸ்டேஷனுக்குப் போகவேண்டாம். இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ ஆப்பிலோ மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்து, உங்கள் பெயரையும் வழக்கு பதிவான வருஷத்தையும் போட்டால் பட்டியல் வரும். பெயரை ஆங்கிலத்தில் அடிக்கவேண்டும் என்பதால்தான் பாதிப்பேருக்குக் கிடைப்பதில்லை. இனிஷியல் முன்னாலா பின்னாலா, ஒரு எழுத்து கூடவா குறையவா என்று நாலு விதமாக அடித்துப் பாருங்கள். பழைய சம்மன் ஏதாவது பீரோவில் கிடந்தால் அதிலுள்ள வழக்கு எண்ணை வைத்தே தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கிற 16 இலக்க சி.என்.ஆர். எண் தெரிந்தால் அது இன்னும் சுலபம். உள்ளே போனதும் ஒவ்வொரு வாய்தா தேதியையும் தட்டிப் பாருங்கள், அன்றைக்கு என்ன நடந்தது என்று இரண்டு வரி இருக்கும். நீங்கள் வராத முதல் தேதி, வாரண்ட் போட்ட தேதி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், மனுவில் எழுத வேண்டியிருக்கும். ரொம்பப் பழைய வழக்குக் கட்டாக இருந்தால் நிலுவைப் பதிவேட்டுக்கு மாற்றி அலமாரியில் ஏற்றியிருப்பார்கள். அப்போது உங்கள் வக்கீலே போய் கிளார்க்கிடம் கேட்டுக் கட்டைக் கீழே இறக்கவேண்டும்.

அடுத்தது ரீகால் மனு, அதாவது வாரண்டைத் திரும்பப் பெறும்படி கேட்கிற மனு. இதில் பலர் நினைப்பது தப்பு. வக்கீல் மட்டும் போய் மனு கொடுத்தால் பெரும்பாலும் நடக்காது, ஆளும் நிற்கவேண்டும். காலை பத்தரைக்கு முன்னாடியே போய்விடுங்கள். வாரத்தின் முதல் பாதியில் போங்கள். அன்றைக்கு மாஜிஸ்திரேட் லீவா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். கோர்ட் வாசலில் உங்கள் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள், அந்த நேரத்தில் டீக்கடையில் நிற்காதீர்கள். (சிரிக்காதீர்கள், சரண்டர் ஆக வந்த அன்றைக்கே ஒரு டீயால் மறுபடி வாரண்ட் வாங்கியவரை எனக்குத் தெரியும்.) ஏன் வரவில்லை என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். "உடம்பு சரியில்லை" என்று ஏழு வருஷத்துக்கு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டுவந்தால் நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உங்களையே பார்ப்பார். தொழில் நொடிந்தது, ஊர் மாறினேன், இதோ புது முகவரி, இதோ ஆதார் என்பதே போதும்.

செக் வழக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். தானாக வந்து நிற்பவருக்குப் பெரும்பாலும் ஒரு தொகை கட்டச்சொல்லியோ புதிதாக ஜாமீன்தாரர் கேட்டோ ரீகால் செய்துவிடுவார்கள். ரிமாண்ட் (சிறைக் காவல்) ஆகவே ஆகாது என்று நான் எழுதித்தர மாட்டேன். ஆனால் சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து பிடித்தால் நிலைமை வேறு. 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நீதிபதி முன் நிறுத்தவேண்டும் என்பது சட்டம். அன்றைக்குக் கிடைப்பவர் பொறுப்பு மாஜிஸ்திரேட், உங்கள் கட்டு அவரிடம் இருக்காது, உங்களுக்கு வக்கீலும் இருக்கமாட்டார். சட்டென்று ரிமாண்டில்தான் முடியும்.

இன்னொன்று. நூல்காரரிடம் பேசிப் பணத்தைக் கொடுத்துவிட்டால் வாரண்ட் தானாகப் போய்விடாது. என்னிடம் வந்த ஒருவர் ஸ்டாம்ப் பேப்பரில் சமாதானம் எழுதி வாங்கி அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். கோர்ட்டுக்கு மட்டும் யாருமே சொல்லவில்லை. பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வைத்த வாரத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். செக் வழக்கில் இரண்டு தரப்பும் சமாதானமாகப் போகலாம், லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம். முதலில் ரீகால், பிறகு பேச்சு என்ற வரிசையில் போங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். வருமான வரம்பு உண்டு, ஆனால் பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அந்த வரம்பு கிடையாது.

கேள்வி: தம்பி மீது அடிதடி வழக்கு வாரண்ட். காசு கொடுத்தால் "ஆள் ஊரில் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடலாம் என்கிறார் தெரிந்த ஒருவர். செய்யலாமா?
– ஒரு அக்கா, தென்காசி

பதில்: லஞ்சம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். காசு கொடுத்து நீங்கள் வாங்குவது என்ன தெரியுமா? உங்கள் தம்பி தலைமறைவு என்ற ரிப்போர்ட்! அப்படி ரிப்போர்ட் வந்தால் அடுத்த வேலை பிரகடனம். குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து ஆஜராகச் சொல்லி ஊரில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வாசிப்பார்கள், வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். அப்புறம் சொத்தை ஜப்தி செய்ய உத்தரவு போடலாம். பிரகடனத்துக்குப் பிறகும் வராவிட்டால் அதுவே தனிக் குற்றம். அடிதடி வழக்கில் விடுதலை ஆனாலும் இதற்கு மாட்டிக்கொள்வார். கொடுக்க இருந்த பணத்தை வக்கீலுக்குக் கொடுத்து திங்கட்கிழமை தம்பியை ஆஜர்படுத்துங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பையனுக்கு என் அம்மா வீட்டு வரி ரசீது வைத்து ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவன் இப்போது எங்கே என்றே தெரியவில்லை. அம்மாவைப் பிடிப்பார்களா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அவன் செய்த குற்றத்துக்கு அம்மாவைப் பிடிக்க முடியாது. ஆனால் பத்திரத்தில் எழுதிய தொகையை ஏன் கட்டக்கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வரும். அதை வாங்காமல் விடாதீர்கள். பதிலே சொல்லாமல் இருந்தால் ஜப்தி மூலம் வசூல் செய்யப் பார்ப்பார்கள், அதிலும் வசூலாகாவிட்டால் ஆறு மாதம் வரை சிவில் சிறைக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. நோட்டீஸ் வருமுன்னே "என்னை ஜாமீனிலிருந்து விடுவியுங்கள்" என்று அம்மாவே மனு போடலாம். போட்டால் அவனைப் பிடிக்க வாரண்ட் போவதுதான் முறை. "பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ" என்று யோசிக்கிறீர்கள் இல்லையா, அவர்கள் உங்களைப்பற்றி யோசித்ததாகத் தெரியவில்லையே.

கேள்வி: வாட்ஸ்அப் வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் ஒருவர் வந்து, என் பேரில் டில்லியில் வாரண்ட், "டிஜிட்டல் அரெஸ்ட்", லைனை விட்டுப் போகக்கூடாது என்கிறார். முத்திரை போட்ட பி.டி.எஃப். கூட வந்தது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கட் பண்ணுங்கள் சார். டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. உண்மையான வாரண்டோடு ஆள் நேரில் வருவார், விஷயத்தைச் சொல்வார், நீங்கள் கேட்டால் காட்டவேண்டும். அதில் எந்த நீதிமன்றம், என்ன வழக்கு, நீதிபதி கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கும். பணம் அனுப்பினால் ரத்தாகிற வாரண்ட் கிடையாது. ஏற்கனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இதைப் படித்து முடிக்கும் முன் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

கேள்வி: அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போதும் அவர் பேரில் வாரண்ட் என்று வந்து போகிறார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் அழுகிறார்.
– மகன், கமுதி

பதில்: இறந்த தகவல் கோர்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழின் நகலை ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதோடு நிறுத்திவிடாமல், வழக்கு நடக்கிற நீதிமன்றத்திலும் ஒரு வக்கீல் மூலம் மெமோவோடு தாக்கல் செய்யுங்கள். இறந்தவர் மீதான வழக்கை முடித்துவிடுவார்கள். அந்த உத்தரவின் நகல் ஒன்றை அம்மா கையிலேயே கொடுத்து வையுங்கள், அடுத்த தடவை யார் வந்தாலும் அவரே எடுத்துக் காட்டட்டும்.