திரை பேசட்டும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் தம்பிக்குப் பார்வை போய்விட்டது. கம்ப்யூட்டர் பழக்க ஆசைப்படுகிறோம். எந்த ஸ்க்ரீன் ரீடர் நல்லது? ரிச்சி தெருவில் லேப்டாப் வாங்கப் போகிறோம், எதைக் கவனித்து வாங்க வேண்டும்?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் ஸ்க்ரீன் ரீடர். விண்டோஸ் என்றால் என்.வி.டி.ஏ. என்ற ஸ்க்ரீன் ரீடரில் தொடங்குங்கள். இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவர்களே 2006-ல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. ஜாஸ் என்ற இன்னொரு ஸ்க்ரீன் ரீடர் இன்னும் பழையது, காசு கொடுத்து வாங்க வேண்டியது. உரிமம் இல்லாமல் போட்டால் 40 நிமிடம் பேசும். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் அடுத்த 40 நிமிடம். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் ஜாஸ் இருந்தாலும் கவலை வேண்டாம். முக்கியமான கட்டளைகளில் பல இரண்டிலும் ஒன்றுதான்.

கடையில் கிராபிக்ஸ் கார்டு, டச் ஸ்க்ரீன் என்று விலையை ஏற்றப் பார்ப்பார்கள். உங்களுக்கு வேண்டியது கீபோர்டுதான். எஃப், ஜே இரண்டு எழுத்துகளிலும் சின்ன மேடு விரலில் தட்டுப்பட வேண்டும். அம்புக்குறிகள் முழு அளவில், தனியாக இருக்க வேண்டும். மேலும் கீழும் ஒட்டிக்கொண்டு பாதி உயரத்தில் இருந்தால் நாள் முழுக்கத் தவறாகவே அழுத்துவார். வலது பக்கம் எண் பலகை இருந்தால் நல்லது. என்.வி.டி.ஏ.வின் கட்டளைகளை இன்சர்ட் கீயோடு சேர்த்து அழுத்த வேண்டும். அந்தக் கீ இல்லாவிட்டால் பரவாயில்லை, என்.வி.டி.ஏ.வின் வரவேற்புப் பெட்டியிலேயே கேப்ஸ் லாக்கை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்த பிறகு நிஜமான கேப்ஸ் லாக் வேண்டுமென்றால் அதை இரண்டு முறை வேகமாக அழுத்த வேண்டும்.

முதல் இரண்டு வாரம் இணையப் பக்கமே போகாதீர்கள். இன்சர்ட்டோடு 1 அழுத்தினால் கீபோர்டு பழகும் நிலை வரும். எந்தக் கீயைத் தொட்டாலும் பெயர் மட்டும் சொல்லும், வேறு எதுவும் நடக்காது. தினம் அரை மணி நேரம் இதில் உட்காரட்டும். அதன்பின் நோட்பேடில் எழுதிப் பழகலாம். பேச்சை நிறுத்த கன்ட்ரோல், திறந்திருக்கும் சாளரத்தின் தலைப்பு கேட்க இன்சர்ட்டும் டி-யும், நேரம் கேட்க இன்சர்ட்டும் எஃப்12-வும். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். நேரில் பயிற்சி வேண்டுமானால் பூந்தமல்லியில் இருக்கும் தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையத்தில் முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: என்.வி.டி.ஏ. நடுவில் ஊமையாகிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பை அணைத்துப் போடுகிறேன்.
(வாசகர், தாம்பரம்)

பதில்: பெரும்பாலும் கை தவறி இன்சர்ட்டும் எஸ்-ஸும் அழுத்தியிருப்பீர்கள். அது பேச்சு, பீப், மௌனம் என்று நிலையை மாற்றிக்கொண்டே போகும். பேச்சு திரும்பும்வரை அதையே அழுத்துங்கள். அப்படியும் வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்.வி.டி.ஏ. மட்டும் புதிதாகத் தொடங்கும். அதற்கும் அசையவில்லையென்றால் குரல் வேறெங்கோ போகிறது என்று பொருள். பக்கத்து அறையில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கரை ஒருமுறை பாருங்கள்!

கேள்வி: ரயில் டிக்கெட் படிவத்தில் பெயர் அடித்தால் எழுத்து விழாமல் எங்கெங்கோ தாவுகிறது. ஏன்?
(வாசகர், வில்லிவாக்கம்)

பதில்: இணையப் பக்கத்தில் என்.வி.டி.ஏ.வுக்கு இரண்டு நிலை. உலாவும் நிலையில் எழுத்துகள் எல்லாமே கட்டளை: எச் தலைப்புக்கு, கே இணைப்புக்கு, பி பட்டனுக்கு, இ எழுதும் கட்டத்துக்கு. நீங்கள் 'பாபு' என்று அடிக்கப் போய் முதல் எழுத்திலேயே அடுத்த பட்டனுக்குக் குதித்திருப்பீர்கள்.

இ அழுத்திக் கட்டத்துக்குப் போய் என்டர் தட்டுங்கள். சின்ன ஒலி மாறும், இனி எழுதலாம். வெளியே வர எஸ்கேப். ஒலியைக் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் குழப்பத்தில் முக்கால்வாசி போய்விடும். தானாக மாறாத இடத்தில் இன்சர்ட்டும் ஸ்பேஸும் அழுத்தி நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

நிலையப் பெயரில் எம்.ஏ.எஸ். என்று சென்னை சென்ட்ரலின் குறியீட்டை அடித்துவிட்டு அவசரப்பட்டு டேப் அழுத்தாதீர்கள். ஓரிரு நொடி பொறுத்து, கீழ் அம்பால் பட்டியலில் இறங்கி, பெயரைக் கேட்டு என்டர் தட்டினால்தான் அது பதியும். வகுப்பு போன்ற தேர்வுப் பெட்டிகளை ஆல்ட்டும் கீழ் அம்பும் சேர்த்துத் திறந்துகொள்ளுங்கள். வெறும் அம்பை அழுத்தினால் சில தளங்களில் தேர்வு உடனே மாறிப் பக்கமே புதுப்பித்துக்கொள்ளும்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, கண் அழுத்த நோய். அவர் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் போட்டுக் கொடுத்தேன். இப்போது என்னாலேயே போனைத் திறக்க முடியவில்லை.
(வாசகி, சைதாப்பேட்டை)

பதில்: டாக்பேக் என்பது ஆண்ட்ராய்டு போனின் ஸ்க்ரீன் ரீடர். பார்வை உள்ளவர்கள்தான் இதில் முதலில் தடுமாறுவார்கள். டாக்பேக் ஓடும்போது ஒரு தட்டு என்பது வெறும் 'இது என்ன?' என்ற கேள்வி. பெயர் கேட்டபின் இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். அந்த இரண்டு தட்டைத் திரையில் எங்கு வேண்டுமானாலும் தட்டலாம், பட்டன் மேலேயே தட்டத் தேவையில்லை. பூட்டைத் திறக்க இரண்டு விரலால் மேலே தள்ளுங்கள். கோலம் போடுவது போன்ற பேட்டர்ன் பூட்டுக்குப் பதிலாக பின் எண்ணும் விரல் ரேகையும் வையுங்கள். அவசரமாக நிறுத்த வால்யூம் கீ இரண்டையும் 3 நொடி சேர்த்துப் பிடிக்க வேண்டும். அந்தக் குறுக்குவழி அணுகல் வசதி அமைப்பில் போடப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது போன் எடுப்பதுதான், வாட்ஸ்அப் அல்ல. மணி அடிக்கும்போது இரண்டு விரலால் இரண்டு தட்டு: எடுக்கும். பேசி முடித்ததும் அதே: வைக்கும். அடுத்து, ஒரு விரலால் வலது பக்கம் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகக் கேட்பது. குரல் சன்னமாக இருந்தால் அது பேசிக்கொண்டிருக்கும்போதே வால்யூம் கீயை அழுத்தச் சொல்லுங்கள், டாக்பேக்கின் ஒலி அளவு தனி. குரலைக் கூகுள் பேச்சு அமைப்பில் தமிழுக்கு மாற்றிவிடுங்கள்.

ரூபாய் நோட்டு அடையாளம் காண ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி இருக்கிறது. 2020-ல் வந்தது, நெட் இல்லாமலும் ஓடும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குத் தமிழ் பி.டி.எஃப். நிறையச் சேர்த்திருக்கிறேன். சில கோப்புகளை நன்றாகப் படிக்கிறது, சிலவற்றில் ஆங்கில எழுத்தாக உளறுகிறது, சிலவற்றில் மௌனம்.
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: உளறுபவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. பார்க்கிறவருக்கு 'அம்மா' என்று தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஸ்க்ரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். எழுத்துகளை நகலெடுத்து, பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும் மாற்றியில் ஒட்டினால் சரியாகிவிடும், எந்த எழுத்துரு என்பதை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மௌனமாக இருப்பவை ஸ்கேன் செய்த படங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி, கோப்பின் மேல் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தி, 'ஓப்பன் வித்' பட்டியலில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். தமிழையும் எழுத்தாக்கித் தரும். 2 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பைப் பிரித்து ஏற்றுங்கள். வினாத்தாளில் பக்கம் இடது, வலது என இரண்டு நெடுவரிசையாக இருந்தால் இடது வரியும் வலது வரியும் கலந்துவிடும், அந்தப் பக்கங்களை நடுவில் வெட்டித் தனித்தனியாக ஏற்ற யாரிடமாவது சொல்லுங்கள். அட்டவணையை மட்டும் அதை நம்பிப் படிக்காதீர்கள். ஆண்டும் பெயரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.